ஹைட்ரண்டா, டேங்கரா? தீப் பாதுகாப்பு மதிப்பெண்ணுக்கு எது கைகொடுக்கும்

அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டு பிரீமியத்தை முடிவு செய்யும்போது பல நிறுவனங்கள் ஓர் எண்ணைப் பார்க்கின்றன. ஐஎஸ்ஓ என்ற நிறுவனம் ஊர்களுக்குத் தரும் தீப் பாதுகாப்பு வகுப்பு அது. (தரச்சான்று தரும் ஐஎஸ்ஓ வேறு, இது காப்பீட்டுத் துறைக்கானது.) 1 மிகச் சிறப்பு, 10 என்றால் குறைந்தபட்சத் தகுதிகூட இல்லை.

புள்ளிகளை வைத்தே இந்த வகுப்பு முடிவாகிறது. மொத்தம் 105.5 புள்ளிகள். தீயணைப்புத் துறைக்கு 50, தண்ணீருக்கு 40, அவசர அழைப்பு மையத்துக்கு 10, தடுப்பு முயற்சிகளுக்கு 5.5. கையில் பணம் குறைவான சின்ன ஊர் அந்த 40-க்கு எப்படி முயல்வது? குழாய் பதித்து ஹைட்ரண்ட் (தீயணைப்பு வண்டிகள் தண்ணீர் எடுக்கும் தெருக்குழாய்) வைக்கலாம், அல்லது டேங்கர் வண்டிகளில் தண்ணீர் கொண்டுவரலாம்.

ஹைட்ரண்ட் நின்றாலே புள்ளி கிடைத்துவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். 40-இல் ஹைட்ரண்டின் அளவுக்கும் வகைக்கும் 3 புள்ளிதான். பராமரிப்புக்கும் சோதனைக்கும் 7. மீதி 30-உம் தண்ணீர் அமைப்பின் திறனுக்கு: மூலத்தில் எவ்வளவு இருக்கிறது, குழாய் எவ்வளவு கடத்தும், அந்த இடத்தை ஹைட்ரண்டுகள் எப்படிச் சூழ்ந்துள்ளன. இவற்றில் எது பலவீனமோ அதுதான் கணக்கு. தூரமும் முக்கியம். கட்டடத்திலிருந்து 300 அடிக்குள் உள்ள ஹைட்ரண்டுக்கு நிமிடத்துக்கு 1,000 கேலன் வரை மதிப்பு உண்டு. 601 முதல் 1,000 அடி வரை உள்ளதற்கு 250 மட்டுமே. பழைய ஒல்லிக் குழாயில் புது ஹைட்ரண்டை மாட்டுவது என் பார்வையில் வீண் செலவு.

டேங்கர் வழியில் கெடுபிடி வேறு மாதிரி. முதல் வண்டி வந்த 5 நிமிடத்துக்குள் நிமிடத்துக்கு 250 கேலன் பாயத் தொடங்க வேண்டும். 2 மணி நேரம் அறுபடாமல் தொடர வேண்டும். அதாவது 30,000 கேலன். 2,000 கேலன் டேங்கர் ஒன்று 8 நிமிடத்துக்குத்தான் வரும். ஒன்று தரையில் விரித்த தொட்டியில் கொட்டும்போது அடுத்தது சாலையில் வந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றாவது ஏரியில் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். இதற்கு ஆள் வேண்டும், ஒத்திகை வேண்டும். பக்கத்து ஊர்களோடு ஒப்பந்தம் இருந்தால்தான் பெரும்பாலான ஊர்களால் இதைச் செய்ய முடியும்.

வீடுகள் நெருக்கமாக உள்ள இடத்தில் நான் குழாய் பக்கம்தான். இரு வீடுகளுக்கு நடுவே 10 அடியோ அதற்குக் குறைவோ இருந்தால் தேவைப்படும் நீர் நிமிடத்துக்கு 1,500 கேலன்; டேங்கர் ஓட்டத்தால் அதை எட்டுவது மிகக் கடினம். வயல்களுக்கு நடுவே சிதறிய வீடுகளுக்கு டேங்கர்தான் சரி. அந்த ஒத்திகை வீண்போகாது: ஆள்பலத்துக்கு 15 புள்ளி, பயிற்சிக்கு 9 என்று தீயணைப்புத் துறைப் பிரிவிலேயே தனியாக இருக்கின்றன. தன்னார்வலர்களை நம்பி ஓடும் ஊர்கள் அந்த 24-ஐ விட்டுவிட்டு குழாய்க் கடனில் இறங்குவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

ஒரே ஊரில் இரு வீடுகளுக்கு இரண்டு வகுப்பு வருவதும் உண்டு. 5/5எக்ஸ் என்று இருந்தால், ஹைட்ரண்டிலிருந்து 1,000 அடிக்குள் உள்ள வீட்டுக்கு 5; அதைத் தாண்டியதற்கு 5எக்ஸ். இரண்டு வீடுகளுமே தீயணைப்பு நிலையத்திலிருந்து சாலை வழியே 5 மைலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் பெரும்பாலும் 10-தான். அப்படிப்பட்ட வீடுகள் நிறைய உள்ள ஊர், குழாயையும் டேங்கரையும் பேசுவதற்கு முன் இன்னொரு நிலையத்துக்கு இடம் பார்க்கட்டும்.