திருச்சியில் பிள்ளைகளோடு: மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்களைப் போன்ற திருச்சிக் குடும்பங்களுக்கு, பிள்ளைகளை அழைத்துப் போக உறவினர்கள் சொல்லும் இடங்கள் மாறுவதே இல்லை. மலைக்கோட்டை, திருவரங்கம், திருவானைக்கா, புளியோதரை கட்டிக்கொண்டு ஒரு நாள் முக்கொம்பு, வண்டி அமைந்தால் கல்லணை. நாங்கள் வளர்ந்ததும் அப்படித்தான் என்பதால் அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திருவரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே 2015இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

பெரிய எதிர்பார்ப்போடு போகவில்லை. சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலேயே ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் உண்டு. பயணிகள் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் இங்கே அரை மணி நேரத்தில் சலித்துப்போவார்கள் என்றே நினைத்தேன். நுழைவாயிலில் நிற்கும் சிமெண்டுப் புழுக்களும் பூச்சிகளும் அந்த எண்ணத்தை மாற்றவில்லை.

மாற்றியது ஒரு கறிவேப்பிலைச் செடி. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பணியாளர் அம்மா ஒருவர், என் மகள் சுற்றிச் சுற்றிப் பறக்கும் பூச்சிகளையே தேடுவதைக் கண்டு, "பறக்கிறதை அப்புறம் பாக்கலாம், இங்க வா பாப்பா" என்று அழைத்து, ஓர் இலையைச் சுட்டிக்காட்டினார். பறவை எச்சம் என்று சொல்லி முகத்தைச் சுளித்த மகளிடம், நன்றாகப் பார்க்கச் சொன்னார். எச்சம் மெல்ல நகர்ந்தது! இளம் புழு பறவைகளின் கண்ணுக்குத் தப்புவதற்காக அந்த உருவத்தில் இருக்கிறது என்று விளக்கிவிட்டு, பக்கத்துக் கிளையில் அதே இனத்தின் வளர்ந்த புழுவையும் காட்டினார். அது பச்சைப் பசேலென்று இலையோடு இலையாக இருந்தது. ஈர்க்குச்சியால் அதை அவர் லேசாகத் தீண்டியதும், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஒரு சிவந்த உறுப்பு சட்டென்று வெளியே வந்து, ஒரு நெடியையும் பரப்பிவிட்டு உள்ளே போய்விட்டது. பிறகு எருக்கஞ்செடிக்கு அழைத்துப் போய், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வளையமிட்ட புழுவைக் காட்டி, எருக்கம்பாலின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடாது என்றார். ஒன்று ஒளிந்து பிழைக்கிறது, இன்னொன்று பளிச்சென்று தெரிந்து பிழைக்கிறது என்பதை எந்தத் தொடுதிரையும் இல்லாமல் என் பிள்ளைகள் ஒரு மணி நேரத்தில் புரிந்துகொண்டார்கள். சிங்கப்பூரில் இதைச் சொல்ல அழகான பலகை இருந்திருக்கும். செடியின் முன் உட்கார்ந்து சொல்ல ஆள் இருந்திருக்க மாட்டார். அன்பளிப்பாக நான் நீட்டிய பணத்தையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஊர் என்றால் எனக்கு இன்றும் இதுதான்.

அந்த மகிழ்ச்சியை வீடு திரும்பும் வழி பெருமளவு கெடுத்துவிட்டது. பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து வரும், ஆட்டோவுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்று அண்ணி சொன்னதால், உச்சி வெயிலில் சாலையோரம் காத்திருந்தோம். எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எதுவரை போகும் என்று சொல்ல ஒரு பலகை இல்லை. கேட்டவர்களில் ஒருவர் இப்போதுதான் போனது என்றார், மற்றவர் இனி சாயங்காலம்தான் என்றார். கடைசியில் ஓர் ஆட்டோக்காரர் கேட்ட தொகை, எங்கள் குடும்பம் முழுவதும் பூங்காவுக்குள் நுழையக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு. சின்ன நிறுத்தத்திலும் அடுத்த பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று கைப்பேசியில் பார்த்துப் பழகிய எனக்கு, கோபத்தைவிட வருத்தமே மிகுந்தது. இத்தனை குறைந்த கட்டணத்தில் இவ்வளவு நல்ல இடத்தை அமைத்தவர்கள், சொந்த வண்டி இல்லாத குடும்பம் அங்கே போய்வருவதற்கும் ஒரு வழி செய்திருக்க வேண்டாமா? சாதாரணக் கால அட்டவணை ஒன்று போதுமே. கைக்குழந்தையோடு நின்றிருந்த ஒரு பெண், அலுத்துப்போய் நடக்கவே தொடங்கிவிட்டார்.

முக்கொம்புக்கு மறுபடி போனோம். 2018இல் மதகுகள் உடைந்துபோன பழைய கொள்ளிட அணைக்குப் பக்கத்தில் புதிய கதவணை நிற்கிறது. பொரித்த மீனின் மணமும் அப்படியே இருக்கிறது.

மேலூர்ப் பூங்காவுக்குப் போக நினைப்பவர்கள், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, வெயில் ஏறிவரும் காலை நேரத்தில் போவது நல்லது. பூச்சிகள் சுறுசுறுப்பாகத் திரிவது அப்போதுதான். தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். ஆட்டோவில் போவதானால், திரும்பி வருவதற்கும் சேர்த்து ஏறும்போதே வாடகையைப் பேசிக்கொள்ளுங்கள்.