கிராப்பு வெட்டிய மகளும் கோலம் போடும் மகனும்

மகள் கிராப்பு வெட்டிக்கொண்டு புல்லட் ஓட்டினால், ‘ஆம்பளப் பிள்ளை மாதிரி தைரியம்’ என்று அப்பாவே பெருமைப்படுவார். அதுவும் கல்யாணப் பேச்சு எடுக்கும் வரைதான்; அப்புறம் ‘முடியை வளர்த்துக்கோ, அடக்கமா இரு’ என்பார்கள்.

மகன் பாடு இதைவிட மோசம். மார்கழிக் காலையில் அக்காவோடு குனிந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டாலே போதும், தெருவில் பட்டப்பெயர் விழுந்துவிடும். நடையை மாற்று, கையை ஆட்டாமல் பேசு என்று வீட்டிலும் அதட்டல். பெண் என்றாலே ஒரு படி கீழே என்ற நினைப்புதான் மகளை மெச்சுகிறது, மகனை அடிக்கிறது.

இத்தனைக்கும் திருவண்ணாமலைப் பக்கம் பாரதக் கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டுவது பெரும்பாலும் ஆண்கள்தான். துகில் உரியும் கட்டத்தில் அவர் கதறினால் ஊரே சேர்ந்து கண்ணீர் விடும். விடிந்ததும் அதே ஊர் கோலம் போடும் பையனைக் கேலி செய்வதை என்னால் தாங்கவே முடியவில்லை.