உக்கும் என்று சொல்லி விற்றது பிளாஸ்டிக்! 38,500 ரூபாய் போச்சு

வீட்டில் சோப்பு, ஸ்க்ரப் செய்து விற்கிற அக்காமார், தங்கச்சிமார் எல்லாரும் தயவுசெய்து இதை வாசியுங்கள். ஸ்க்ரப்பில் போட செல்லுலோஸ் மணி என்று சொல்லிப் பிளாஸ்டிக் மணியை விற்ற ஒரு முகநூல் கடைக்காரர் நேற்று இரவு என் நம்பரை பிளொக் பண்ணிவிட்டார்கள். ஆத்திரம் அடங்க முதல் எழுதிவிட வேணும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் திருகோணமலை. தேங்காய் எண்ணெய் சோப்பும் முகத்துக்கும் காலுக்கும் தேய்க்கிற ஸ்க்ரப்பும் செய்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளுக்குக் கொடுக்கிறேன். சீசனில்தான் எங்களுக்கு வியாபாரம். மாரி தொடங்கினால் கடலும் இல்லை, ஆளும் இல்லை. வருகிற வெள்ளைக்காரர் புறாமலைக்குப் போய்ப் பவளப்பாறை பார்த்துவிட்டு வந்து, குளியலறையில் இருக்கிற போத்தலைத் திருப்பி என்ன கலந்திருக்கிறது என்று வாசிக்கிறார்கள். அதனால் ஒரு விடுதிக்கார அண்ணா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "தங்கச்சி, பிளாஸ்டிக் ஒரு துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்."

காலுக்குச் சிரட்டைத் தூள் போதும். முகத்துக்கு அது சரிவராது, எவ்வளவு அரித்தாலும் தூளின் விளிம்பு கூராகத்தான் இருக்கும், தோலைக் கீறும். அதற்குத்தான் செல்லுலோஸ் மணிகள். மரக்கூழில் இருந்து எடுப்பது, பஞ்சிலும் கடதாசியிலும் இருக்கிற அதே பொருள். உருண்டையாக இருப்பதால் கீறாது, தண்ணீரில் ஊறினால் இன்னும் மெதுவாகும், மண்ணிலோ கடலிலோ போய்ச் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் தின்று உக்கவைத்துவிடும். முன்பு உலகம் முழுக்க ஸ்க்ரப்பில் போட்டது பொலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக் மணிகளை. வடிகட்டியில் நிற்காமல் கடலுக்குப் போகிறது, மீன் விழுங்குகிறது என்று அமெரிக்கா 2015இல் அதற்கு எதிராகச் சட்டம் போட்டது, பிரிட்டன் 2018இல் நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2023இல். 2021இல் இலங்கையின் மேற்குக் கரைக்கு அப்பால் கப்பல் எரிந்து, மணலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியதைப் பார்த்த நாட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் என்மேல் வழக்குப் போடுவார்களாம், அதையும் அவர்களே சொன்னார்கள். கொழும்பில் இருந்து சோப்பு, கிறீம் மூலப்பொருள் விற்கிற முகநூல் கடை. ஆயிரக்கணக்கில் லைக், அழகான படங்கள். முதலில் பேசியவன் நல்ல தமிழ், நல்ல மரியாதை. வாய்க்கு வாய் அக்கா. "அக்கா, நீங்க நம்பி வாங்க வேணாம். முதல்ல சாம்பிள் அனுப்புறன், பாருங்க, பிடிச்சா மட்டும் எடுங்க" என்றான். இதைவிட என்ன வேணும்?

சாம்பிள் வந்தது. ஒரு சின்னப் பை, கைப்பிடி அளவுகூட இல்லை. கிண்ணத்துத் தண்ணீரில் போட்டேன், கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு ஊறி அடியில் போய்ப் படுத்தது. ஒரு மணியை எடுத்து நகத்தால் அழுத்தினால் மாவாக நசிந்தது. கரண்டியில் வைத்துச் சூடாக்கினேன், உருகவில்லை, கருகியது, கடதாசி எரிகிற மணம். அசல் செல்லுலோஸ். நான் சும்மா நம்பவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் நம்பினேன். அவன் அனுப்பிய அந்தச் சாம்பிள்தான் பொறி. எலிப்பொறியில் வைக்கிற கருவாடும் அசல் கருவாடுதானே.

5 கிலோவுக்கு 38,500 ரூபாய். வங்கியில் போட்டு ஸ்லிப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். "நன்றி அக்கா" என்று ஒரு பூ வேறு போட்டான்.

பார்சல் வந்தது. பார்வைக்கு அதே வெள்ளை, அதே அளவு. ஸ்க்ரப் கலக்க முதல் வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் அத்தனையும் மேலே, கிண்ணத்தின் ஓரத்தில் வளையம் கட்டி நிற்கிறது. ஒன்றுகூட ஊறவில்லை. நகத்தால் அழுத்தினால் வழுக்கி ஓடுகிறது. கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன். முதலில் கண்ணாடி மாதிரித் தெளிந்தது, பிறகு ஒன்றோடொன்று ஒட்டிக் கூழானது. ஈர்க்கால் தொட்டு இழுத்தால் நூல் நூலாக வருகிறது. பற்றவைத்தால் மெழுகுதிரி அணைத்த மணம். அப்பட்டமான பிளாஸ்டிக்! வெளிநாட்டில் விற்க வழியில்லாமல் போனதை இங்கே கொண்டுவந்து தள்ளுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

உடனே அழைத்தேன், எடுக்கவில்லை. வீடியோ எடுத்து அனுப்பினேன், நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. பின்னேரம் வந்த பதில்: "அது மிதக்கிற வகை செல்லுலோஸ் அக்கா." உருகுகிறதே என்றேன். "உங்கட அடுப்புச் சூடு கூடவா இருக்கும்." சிரிப்பதா அழுவதா? சரி, பரிசோதனைச் சான்றிதழை அனுப்பு என்றேன். பார்சலோடு வரும் என்று அவன் முதலே வாக்குத் தந்தது அது. நாளைக்கு என்றான், சேர் கண்டிக்குப் போயிருக்கிறார் என்றான், கணினி பழுது என்றான். என் தொல்லை தாங்காமல் கடைசியில் மங்கலான ஒரு படம் வந்தது. மேலே பொருளின் பெயர் செல்லுலோஸ். கீழே சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் இருக்கிற அடையாள எண், 9002-88-4. அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், பொலிஎத்திலீன்! செல்லுலோஸின் எண் 9004-34-6. பெயரை மாற்றத் தெரிந்தவனுக்கு எண்ணை மாற்றத் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் அக்கா காணாமல் போய் மிஸ் ஆகிவிட்டேன். "மிஸ், பையைத் திறந்தால் திருப்பி எடுக்கிறது இல்லை." திறக்காமல் எப்படித் தெரியுமாம் உள்ளே இருப்பது? அப்புறம் வேறொரு பெண் பேசினாள், நான் விற்பனைப் பகுதி, முறைப்பாட்டுக்கு வேறு நம்பர் என்றாள். அந்த நம்பரை எடுத்தால் அதே பையனின் குரல்! முகநூலில் அவர்கள் பதிவின் கீழ் எழுதினேன், அழித்தார்கள். மறுபடி எழுதினேன், வழக்கு என்று மிரட்டிவிட்டு பிளொக்.

38,500 ரூபாய். ஒரு சீசனில் நான் மிச்சம் பிடிப்பதில் பெரும் பங்கு அது. காசைவிட எரிச்சல் என்ன தெரியுமா? நான் சோதிக்காமல் கலந்து கொடுத்திருந்தால், அந்த மணியெல்லாம் விடுதிக் குளியலறையால் வடிந்து நிலாவெளிக் கடலுக்குத்தான் போயிருக்கும், என் பெயர் ஒட்டிய போத்தலில் இருந்து. அண்ணாவுக்கு விஷயத்தைச் சொன்னேன், முகத்து ஸ்க்ரப் ஓடர் நிற்பாட்டி, சோப்பு மட்டும் எடுக்கிறார்.

விவரமாக எழுதுவேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: சாம்பிளை நம்பி மொத்தமாக எடுக்காதீர்கள், முதல் ஓடர் அரைக் கிலோ போதும். சான்றிதழ் கையில் வராமல் காசு போடாதீர்கள், வந்தால் பெயரைப் பார்க்காமல் அந்த எண்ணைப் பாருங்கள். பார்சல் திறக்கும்போது வீடியோ எடுங்கள். செல்லுலோஸ் என்றால் இரவு முழுக்க ஊறவிடுங்கள், தாழ வேணும். ஸ்க்ரப்பில் போடுகிற இன்னொரு வகையான ஜொஜோபா மணி என்றால் அது மெழுகு, மிதக்கத்தான் செய்யும், அதைக் கொதிநீரில் போட்டால் உருகி எண்ணெய்ப் படலமாக நிற்கும், பொலிஎத்திலீன் சாதாரணமாக அந்தச் சூட்டுக்கு உருகாது. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, தொலைபேசி நம்பர் 1977. நானும் போடப்போகிறேன், ஸ்லிப், வீடியோ, அந்தச் சான்றிதழ் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

மிச்சம் 5 கிலோவையும் பாதி விலைக்குத் தாங்களேன் என்று ஒருத்தர் இப்போதே கேட்கிறார். தரமாட்டேன், ஒரு மணிகூட. கடையின் பெயரை இன்பொக்ஸில் கேட்டும் எழுதாதீர்கள். கொழும்பு, சாம்பிள் இலவசம், வாய்க்கு வாய் அக்கா. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் உங்களுக்கே விளங்கும்.