நேட்டாலுக்குப் போனவரும் குடும்பப் பெயர்ப் பெட்டியும்

வம்சாவளி தேட உதவும் கட்டணத் தளம் ஒன்று ஆண்டுச் சந்தாவைப் பாதியாகக் குறைத்திருப்பதை அறிந்த நண்பர், அதில் சேரலாமா என்று கேட்டிருக்கிறார். அவருடைய முன்னோர் ஒருவர் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குக் கப்பலேறியவர். என் கொள்ளுத்தாத்தாவின் தமையனாரும் அப்படியே வட ஆர்க்காட்டிலிருந்து போய்த் திரும்பாமல், ஆடி அமாவாசையன்று எங்கள் வீட்டில் பெயர் மட்டும் சொல்லப்பட்டு வந்தவர். அவரைத் தேடுவதற்காகவே பல ஆண்டுகளாக அந்தத் தளத்தில் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அதன் குறைகளில் ஒன்றை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருவரைச் சேர்த்தாலும் தேடினாலும் குடும்பப் பெயரை நிரப்பும்படி அது வற்புறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆர்க்காட்டுக் கிராமமொன்றில் பிறந்த ஒரு முனுசாமிக்குத் தன் பெயரும் தகப்பன் பெயரும்தான் உண்டு. தகப்பன் பெயரை அந்தப் பெட்டியில் இட்டால், அவருடைய பிள்ளைகள் வேறொரு குடும்பத்தாராகிவிடுகிறார்கள். தலைமுறைதோறும் பெயர் மாறுவதைப் பிழை என்று தளம் குறியிட்டுக் காட்டுகிறது. நேட்டாலின் துறைமுகமான டர்பனிலோ அதே முனுசாமி மூன்சாமியாக எழுதப்பட்டு, பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டார். கடலுக்கு இப்பக்கமும் அப்பக்கமும் இருப்பவர் ஒரே ஆள் என்று தளம் ஒருபோதும் ஊகிப்பதில்லை. இதை எழுதிக் கேட்டபோது, 'அறியப்படவில்லை' என்று நிரப்பிக்கொள்ளுமாறு பதில் வந்தது. தகப்பன் பெயரும் ஊரும் தெரிந்த ஒரு மனிதரை அப்படிப் பதிவது அவரை அவமதிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நேட்டால் கப்பல் பட்டியல்களைப் பார்த்த பிறகு அந்தக் கோபம் இன்னும் கூடியது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்ததிலிருந்து 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக 1,52,000க்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஆகிய விவரங்களும் உண்டு. கூலியாளை அடையாளம் காண்பதற்காக எழுதப்பட்டவை என்பது வேதனைதான்; ஆனால் தகப்பன் பெயருக்கென்று அந்த எழுத்தர்கள் தனிப் பத்தி ஒதுக்கியிருந்தார்கள். காதில் விழுந்தபடி எழுதப்பட்ட பெயரை நம்பாமல், தகப்பன் பெயரையும் தாலுகாவையும் சேர்த்துத் தேடியபோதுதான் கொள்ளுத்தாத்தாவின் தமையனாரான எங்கள் தாத்தா அகப்பட்டார். வட ஆர்க்காட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1911இல் பிரியும் வரை சித்தூர் அந்த ஜில்லாவில்தான் இருந்தது, எனவே பட்டியலில் காணும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். 1866 முதல் 1874 வரை ஆள் அனுப்புவது நின்றிருந்ததால், உத்தேச வயதைக் கொண்டு கப்பல்களைக் குறுக்கிக்கொள்ளவும் முடியும்.

கப்பல் பட்டியல் ஒருவரைக் கரை சேர்த்துவிட்டு நின்றுவிடும். அதற்குப் பிந்தைய வாழ்க்கைக்கு, இறந்தவர்களின் சொத்து குறித்து நேட்டாலின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் பதிவான சொத்துக் கோப்புகளைத்தான் நாட வேண்டும். அவற்றை ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் தேடலாம்; அங்கே கணக்குத் தொடங்கச் சந்தா ஏதும் இல்லை. அக்கோப்புகளிலுள்ள மரண அறிவிப்புப் படிவம், இறந்தவரின் பிறந்த இடம், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் என்று வரிசையாகக் கேட்கிறது. எங்கள் தாத்தாவின் படிவத்தில் தாயார் பெயர் என்ற இடத்தில், எங்கள் வீட்டில் இன்றும் பெண் குழந்தைகளுக்கு இடுகிற பெயரைக் கண்டபோது என்னால் மேற்கொண்டு படிக்க இயலவில்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய கொள்ளுப்பேத்தியை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தக் கட்டணத் தளம்தான். அவர் தன் குடும்ப மரத்தில் தாத்தாவின் கப்பல் எண்ணைக் குறிப்பிட்டிருந்தார்; பெயர் பொருந்தாவிட்டாலும் எண் பொருந்தியது. அங்கேயே கடிதமும் எழுதிக்கொண்டோம். வேறெந்த வழியிலும் அவரை நான் அடைந்திருக்க முடியாது.

அப்படியிருந்தும், நண்பரே, பாதி விலைக்கும் அதில் சேர வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் தாத்தாவின் பக்கத்தில் 'அறியப்படவில்லை' என்ற சொல் இருக்கும் வரை நானும் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், கப்பலேறிய உங்கள் முன்னோரின் தகப்பன் பெயரையும் பழைய தாலுகாவையும் முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கப்பல் பட்டியலில் எண் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், சொத்துக் கோப்புகளைச் சேர்ந்தே பார்ப்போம்.