ஸ்பைடரின் இரண்டாவது கியர், எம்ஜிபியின் ஓரப்பெட்டி

1972-ம் வருட ஆல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடர் வெலோச்சேயா, அதே வருட எம்ஜிபி ரோட்ஸ்டரா? இரண்டும் துணிக்கூரையை மடித்துத் திறந்து ஓட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். சேகரிப்புக்கு ஒன்று எடுக்கப் போகும் நண்பரின் கேள்வி.

ஓட்டுவதை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. ஆல்ஃபாவின் 1962 சிசி ட்வின் கேம் (வால்வுகளைத் திறக்க இரண்டு கேம்ஷாஃப்ட் தண்டுகள் உள்ள) எஞ்சின் ஆர்பிஎம் ஏற ஏறத்தான் உற்சாகமாகும். ஐந்து கியர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். தூறல் போட்டால் சீட்டை விட்டு எழாமலே துணிக்கூரையை ஒரு கையால் இழுத்துவிடலாம். எம்ஜிபியில் இறங்கி நின்று பட்டன் போட வேண்டும். அதன் 1798 சிசி எஞ்சின் இழுக்கும், பாடாது.

ஆனால் ஆல்ஃபாவின் அந்த இரண்டாவது கியர்! காலையில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டால் 'கர்ர்' என்று பல்லைக் கடிக்கும். கியர் மாறும்போது பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் போர்ஷே வகை சின்க்ரோ ரிங் தேய்வதுதான் காரணம். இரண்டாவதில்தான் முதலில் தேயும். ஆயில் மாற்றினால் போய்விடும் என்பார்கள். தேய்ந்த ரிங்குக்கு ஆயில் மருந்தில்லை. ரிங் சின்னப் பொருள்தான். அதை மாற்ற, பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை அவிழ்த்து, கியர்பாக்ஸை இறக்கி, முழுதாகப் பிரிக்க வேண்டும். கூலி கண்ணைக் கட்டும். அதுவரை முதல் பத்து நிமிடம் நியூட்ரலில் ஒரு நொடி நிறுத்திப் போடுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துப் போடுங்கள். வாங்கப் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முன்கூட்டியே சூடுபடுத்தி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய வால்வு இடைவெளியைச் சரிசெய்வதிலும் இதே கதை. ஆல்ஃபாவில் கேம்ஷாஃப்டைக் கழற்றி, வால்வுத் தண்டின் தலையில் தொப்பி போல உட்காரும் ஷிம் என்ற சிறு வில்லையை மாற்ற வேண்டும். எம்ஜிபிக்கு ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போதும். பிளக்குகளைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, காரைத் தள்ளினால் எஞ்சின் சுற்றும். வரிசையாக எண்ணிய எட்டு வால்வில் எது முழுதாக அமுங்கி நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது தெரியும். எட்டு அமுங்கினால் ஒன்று, ஆறு அமுங்கினால் மூன்று. அரை மணி நேர வேலை. உதிரி பாகத்துக்கும் அலைய வேண்டாம். 1988-லிருந்து முழு பாடியையே புதிதாகச் செய்து தருகிறார்கள். அப்படி மாற்றிய கார் சேகரிப்பாளருக்கு அசலா என்பது வேறு பஞ்சாயத்து.

எம்ஜிபியை நம்பி ஏமாறுவது ஓரப்பெட்டியில். கதவுக்குக் கீழே ஓடும் அந்தத் தகட்டுப் பெட்டிதான் காரின் முதுகெலும்பு. உள்ளே துருப்பிடித்ததை வெட்டாமல் மேலே புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்திருப்பார்கள். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் கிளம்பிவிடுங்கள்.

ஆல்ஃபாவுக்கும் துரு உண்டு. கூரை மடிந்து விழும் குழியின் வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று தரைத் தகட்டைத் தின்னும். அந்தக் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். காருக்கு அடியில் ஒழுக வேண்டும். குளிர்நீரில் ஆயில் மிதக்கிறதா என்றும் பாருங்கள். மிதந்தால், எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

செலவு, வசதி, நிம்மதி எல்லாம் எம்ஜிபி பக்கம். ஆனாலும் ஓட்டும் சுகத்துக்காக நண்பருக்குச் சொன்னது ஆல்ஃபா. தரை கெட்டியாக இருந்தால் அந்தக் 'கர்ர்' சத்தத்தைக் காட்டி விலையைக் குறையுங்கள். ரிங்கை உடனே மாற்ற வேண்டாம், மெதுவாகப் போட்டு ஓட்டுங்கள்.