பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஏற்ற என்95 முகக்கவசம்

கொரோனா வார்டில் சளியை வெளியேற்ற நோயாளியை இருமச் செய்யும்போதும், அவரைக் குப்புறப் படுக்கவைக்கும்போதும் பிசியோதெரபிஸ்ட் அவருடைய மூச்சுக்காற்றுக்கு மிக அருகில் நிற்க வேண்டியிருப்பதால், சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் எங்களுக்குப் போதாது. அந்தப் பணிக்கு நான் அணிந்துவரும், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் கொண்ட, வால்வு இல்லாத மடிப்பு வகை என்95 முகக்கவசத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுப்பதே என்95 தரம். ஆனால் விளிம்பில் கசிவு இருந்தால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. நோயாளியைத் தாங்கி உட்காரவைக்கக் குனியும்போதும் இது மூக்குத்தண்டை விட்டு நழுவுவதில்லை. காதில் மாட்டும் வகையோ தாடையோரம் இடைவெளி விட்டுவிடுகிறது. வால்வு உள்ளதை வாங்கவே வேண்டாம். அது நம் மூச்சை வடிகட்டாமல் நோயாளியின் முகத்தில் விடும். 2020 ஜூலையில் மத்திய சுகாதார அமைச்சகமும் அதைப் பற்றி எச்சரித்தது.

குறைகளும் உண்டு. நீண்ட பணிநேரத்தில் மூக்கின் மேல் தோல் சிவந்து புண்ணாகிறது, நடைப்பயிற்சி கொடுக்கும்போது மூச்சு வாங்குகிறது. தாடி வைத்திருப்பவர்கள் மழித்தே ஆக வேண்டும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதைத்தான் எங்களுக்கு வழங்கும் சில நிர்வாகங்களின் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சொந்தச் செலவில் வாங்குபவர்கள், கவசத்தின் மேலேயே அங்கீகார எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.