கெல்டர்மால்சன் கப்பல் தட்டுன்னு விக்கிறாங்க, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி இத படிங்க

நெதர்லாந்துல இருந்துக்கிட்டு பழைய சீனப் பீங்கான் வாங்குற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா தயவுசெஞ்சு முழுசா படிங்க. ஆம்ஸ்டர்டாம்ல கடை வச்சிருக்கேன்னு சொல்லி ஆன்லைன்ல விக்கிற ஒருத்தர் எனக்கு ஒரு தட்டை 1,400 யூரோவுக்கு வித்தாரு, கெல்டர்மால்சன் கப்பல்ல இருந்து எடுத்ததுன்னு. அந்தத் தட்டுக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

அந்தக் கப்பல் உண்மை, அதான் கொடுமையே. டச்சு கிழக்கிந்திய கம்பெனி (சுருக்கமா விஓசி) கப்பல், 1751 டிசம்பர்ல சீனாவுல இருக்குற கான்டன் துறைமுகத்துல தேயிலை, பட்டு, தங்கம், பீங்கான் எல்லாம் ஏத்திக்கிட்டு கிளம்பி, 1752 ஜனவரி 3ஆம் தேதி தென்சீனக் கடல்ல பாறையில மோதி மூழ்கிடுச்சு. 1985ல மூழ்குன கப்பல்ல இருந்து சரக்கு எடுக்குற மைக்கேல் ஹாட்சரோட டீம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல பீங்கான் வெளிய எடுத்தாங்க, அடுத்த வருஷமே ஆம்ஸ்டர்டாம்ல கிறிஸ்டீஸ்ங்குற ஏலக் கம்பெனி ஏலம் விட்டாங்க. அந்த ஏலத்துல குடுத்த வரிசை எண் (லாட் நம்பர்) ஸ்டிக்கர் ஒட்டுன பீஸ் இன்னிக்கும் சுத்திக்கிட்டு இருக்கு, இந்த ஆள் வியாபாரம் பண்றதே அந்த ஸ்டிக்கர வச்சுத்தான்.

எனக்கு வந்த தட்டுல ரோஸ் கலர்ல பூ, விளிம்புல தங்கம், நடுவுல விஓசி முத்திரை, பின்னாடி ஒரு சிப்பித் துண்டு, பக்கத்துல ஸ்டிக்கர். பெட்டியத் தொறந்ததுமே தங்கம் பளபளன்னு மின்னுது. கோபால்ட் நீலம் கிளேஸுக்கு, அதாவது மேல இருக்குற கண்ணாடி மாதிரி பூச்சுக்கு, அடியில இருக்கும், சீனாவோட பீங்கான் ஊரான ஜிங்டெஜென் சூளையில 1300 டிகிரி பக்கத்துல வெந்தது, அதுக்கு உப்புத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. ஆனா ரோஸ், சிவப்பு, தங்கம் எல்லாம் கிளேஸுக்கு மேல தீட்டி கம்மி சூட்டுல திரும்ப சுடுறது, கடலுக்கடியில இருநூறு வருஷத்துக்கு மேல கெடந்தா அரிச்சுப் போயிடும். கெல்டர்மால்சன் பீஸ் நெறையதுல சிவப்பும் தங்கமும் போயி வெறும் தடம்தான் இருக்கும், நீலம் மட்டும் அப்படியே நிக்கும்.

அந்த முத்திரையும் ஒத்து வரல. கம்பெனி சந்தையில விக்கக் கொண்டு போன சரக்குல அவங்க பேரப் போட மாட்டாங்க. நமக்குத் தெரிஞ்ச விஓசி முத்திரைத் தட்டு பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில ஜப்பான்ல அரிடாவுல கம்பெனியோட சொந்த உபயோகத்துக்குப் பண்ணது.

அப்புறம் அடிவளையம், அதாவது தட்டுக்கு அடியில அது நிக்கிற வளையம். பஞ்சுல அசிட்டோன் தொட்டுத் தேச்சேன், பழுப்பு நிறம் மொத்தமா பஞ்சுல வந்துடுச்சு, உள்ள வெள்ளவெளேர்னு சுண்ணாம்பு மாதிரி இருக்கு. பழைய பீங்கான்ல கிளேஸ் முடியிற எடத்துல ஆரஞ்சும் பழுப்புமா மெல்லிசா ஒரு கோடு தெரியும், அது சூளையில வர்றது, தேச்சா போகாது. சிப்பியும் பசை போட்டு ஒட்டுனதுதான், நகத்தால நெம்புனதும் கழண்டு வந்துடுச்சு. ஏல கேட்டலாக் வச்சிருக்குற ஒரு நண்பர்கிட்ட லாட் நம்பரக் கேட்டா, அது டீ கப்பும் சாசரும்னு போட்டிருக்காம். எங்கயோ ஒரு நெஜமான கப்புல இருந்து உரிச்சு இதுல ஒட்டியிருக்காங்க.

இதெல்லாம் போட்டோவோட அனுப்புனா மொதல்ல கடல்ல ஒவ்வொண்ணு ஒவ்வொரு மாதிரி இருக்கும்னாரு, அப்புறம் நான் தனி ஆள், ரிட்டர்ன் கெடையாதுன்னாரு. இன்வாய்ஸ்ல கேவிகே நம்பர் (நெதர்லாந்துல வியாபாரத்தைப் பதிவு பண்ணுன நம்பர்) இருக்குங்க! கம்பெனியா ஆன்லைன்ல வித்தா கைக்கு வந்ததுல இருந்து 14 நாளுக்குள்ள காரணமே சொல்லாம திருப்பலாம், ஐரோப்பிய யூனியன் சட்டம் அது. நான் டைமுக்குள்ளயே மெயில் போட்டேன், என்னை பிளாக் பண்ணிட்டாரு. கார்டு வேண்டாம், பேங்க் டிரான்ஸ்ஃபர்தான்னு பிடிவாதமா நின்னது ஏன்னு இப்பப் புரியுது. போலீஸ்ல புகார் குடுத்திருக்கேன், பணம் இன்னும் வரல.

எனக்கு வயிறெரியிறது பணத்துக்கு மட்டும் இல்ல. அந்தக் கப்பல்ல வந்த நெஜப் பீஸே ஏராளமா இருக்கு, சின்ன கப்பும் சாசரும் சாதாரண சம்பளக்காரங்களே வாங்கலாம். கண்ணுல கூடப் பாக்காத ஊருக்காக ஜிங்டெஜென்ல ஒருத்தர் உக்காந்து கையால வரைஞ்சது அது, அதோட பேர்ல இந்தக் குப்பைய விக்கிறாங்க.

அவர் லிஸ்டிங்ல குடும்பச் சின்னம் போட்ட தட்டும் வச்சிருக்காரு, 18ஆம் நூற்றாண்டுன்னு. அதையும் உஷாரா பாருங்க, பாரிஸ்ல சாம்சன் கம்பெனி 19ஆம் நூற்றாண்டுலயே அந்த மாதிரி காப்பி ஏகப்பட்டது பண்ணியிருக்கு.

போலீஸ் விஷயம் ஓடுறதால விக்கிறவர் பேர் இங்க போடல. யார்கிட்ட வாங்குனாலும் பகல் வெளிச்சத்துல எடுத்த அடிப்பக்க போட்டோவும் லாட் நம்பரும் மொதல்ல கேளுங்க, குடுக்க மாட்டேன்னா அங்கயே விட்டுடுங்க. போட்டோ இருந்தா எனக்கு அனுப்புங்க, நண்பர்கிட்ட கேட்டலாக் பாத்து சொல்லச் சொல்றேன்.